வலி பூஜ்யம், கோபம் எட்டு

மார்ச் 3, செவ்வாய்

வலி: 6.

எலும்பு டாக்டர் இந்த நோட்டைக் கொடுத்து, "பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள தினமும் ஒரு நம்பர் எழுதுங்க, அது போதும்" என்றார். ஒரு நம்பருக்கு ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கிறார்கள். மீதியை வீணாக்குவானேன்?

இன்றைக்குப் பல் டாக்டர் ஓட்டுநர் தேர்வில் மூன்றாவது தடவையாகத் தோற்றுவிட்டார். ஊரில் இருக்கிற வாய்களையெல்லாம் கை நடுங்காமல் குடைகிற பெண்மணி. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் உதறல். "உங்க வண்டியில பிரேக் எங்க இருக்குன்னு தெரியுமாம்மா?" என்று தேர்வு அதிகாரி கேட்டாராம். என்னிடம் நாற்பது வகுப்பு வந்தவரிடம் இப்படி ஒரு கேள்வி! மானம் போயிற்று. வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "நாப்பது கிளாஸ்ல நான் எதைச் சொல்லிக் குடுத்தேன்? காதுல பஞ்சா வெச்சிருந்தீங்க?" தெருவே கேட்டிருக்கும். அவர் கண் கலங்கிவிட்டது.

என் ஓட்டுநர் பள்ளிக்கும் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் ஓடி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். "அவளுக்கு இடுப்பு வலி. அதான் இப்படி. மனசுல வெச்சுக்காதீங்க."

பல் டாக்டரும் உடனே இரக்கமாகப் பார்த்தார். இந்த இடுப்பு இல்லாவிட்டால் இத்தனை வருஷம் நான் எப்படித் தொழில் நடத்தியிருப்பேனோ தெரியாது.

மார்ச் 5, வியாழன்

வலி: 7. எதிர்க்கடைக்காரர் தன் ஓட்டுநர் பள்ளி வாசலில் புதுப் பலகை மாட்டியிருக்கிறார். "முதல் முயற்சியிலேயே வெற்றி." ஏழரை.

மார்ச் 9, திங்கள்

வலி: 7.

இடுப்பு மூட்டு மாற்றுகிற ஆபரேஷனுக்காக மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போனோம். ஒல்லியான பெண். பொறுமையாகப் பேசுகிறார். என்ன தொழில் என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்றேன். சொல்லித் தருகிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, இந்த வலது கால் நாள் முழுக்க அதன்மேல்தான் இருக்கும் என்றேன்.

"அப்ப தேய்ஞ்சது அதுலதானா டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார்.

"அது மட்டும் காரணம்னு சொல்ல முடியாது" என்று அவர் சிரித்தார். பிறகு விளக்கினார். முழு மயக்கம் கிடையாதாம். முதுகில் ஒரே ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும். அதே ஊசியில் துளியளவு மார்ஃபினும் சேர்ப்பார்கள். "கால் சில மணி நேரத்துல திரும்பி வந்துடும். ஆனா வலி உடனே வராது. கிட்டத்தட்ட ஒரு நாள் தாங்கும்."

மூக்கு அரிக்கலாம், குமட்டலாம், சிறுநீர் இறங்க அடம்பிடிக்கலாம், மூச்சு மெதுவாகலாம், அதனால் மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து மூச்சை எண்ணிக் குறித்துக்கொள்வார் – எல்லாவற்றையும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

என் கணவர் எந்த டாக்டரிடமும் வாய் திறக்கிற ஆளில்லை. இன்றைக்கு விட்டேனா பார் என்று கேட்டார். "கிட்டத்தட்ட ஒரு நாள்னா எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனை மணி வரைக்கும் டாக்டர்? நடுவுல கொஞ்சம்கூட வலி இருக்காதா? சாயங்காலம் ஒரு நாலு மணிக்கு எப்படி இருப்பா?" பதிலையெல்லாம் தன் கடைச் சீட்டு ஒன்றின் பின்னால் எழுதிக்கொண்டார்.

என் வலிமேல் இந்த மனிதருக்கு இவ்வளவு அக்கறையா? ஏழு வருஷத்தில் காட்டவே இல்லையே.

மார்ச் 11, புதன்

வலி: 6. பயம்: அதற்கு நம்பர் கேட்கவில்லை. ஆபரேஷன் நாளைக்குக் காலை எட்டு மணிக்கு. கணவரும் மகளும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். பாவம், எனக்காகக் கவலைப்படுகிறார்கள்.

மார்ச் 12, வியாழன்

வலி: 0. பூஜ்யம்! எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைக் குறை சொல்ல வேண்டாம்.

முதுகை வளைத்து உட்காரச் சொன்னார்கள். "கோபப்பட்ட பூனை மாதிரி" என்றார் மயக்க மருந்து டாக்டர். அது எனக்கு நன்றாக வந்தது. ஒரு சுருக், அவ்வளவுதான். கால்களில் வெந்நீர் ஊற்றின மாதிரி ஒரு சூடு. பிறகு கால்களே இல்லை. வலது காலால் பிரேக் போட்டுப் பார்த்தேன். எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம். காருக்கு ஒடுக்கு எடுக்கிற பட்டறை மாதிரியே இருந்தது. "மெதுவா அடிங்க, பெயிண்ட் போயிடும்" என்று நான் சொன்னதாக அவர்கள் சொல்கிறார்கள். அரைத்தூக்கம், எனக்கு நினைவில்லை.

ஒரு மணிக்குக் கால்கள் திரும்பி வந்தன. கட்டைவிரலை ஆட்டினேன், ஆடியது. இப்போது வலிக்கும், இப்போது வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவே இல்லை. ஏழு வருஷமாகக் கூடவே குடியிருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. நான் அழுதுவிட்டேன். நர்ஸ் பயந்துபோய், "வலிக்குதாம்மா?" என்றார். இல்லை, வலிக்கவில்லை, அதனால்தான்.

மூக்கு மட்டும் அரிக்கிறது. சொறிந்து சொறிந்து சிவந்துவிட்டது. போனால் போகட்டும்.

நாலு மணி. (இதை ஐந்தரைக்கு எழுதுகிறேன்.)

நாலு அடித்ததும் கணவரும் மகளும் உள்ளே வந்தார்கள். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கணவர் முதலில் நர்ஸிடம், "இப்ப வலி எத்தனை?" என்று விசாரித்தார். பூஜ்யம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு சின்ன விஷயம்" என்றார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கார் சைடு கண்ணாடி உடைஞ்சதே. அந்தத் தபால்காரர் உடைக்கல. நான்தான்."

என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த அந்தத் தபால்காரரை நான் என்ன பேச்சுப் பேசினேன்! மறுநாளே எதிர்க்கடையில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் உடம்பு இறகு மாதிரி இருந்தது. "போகட்டும் விடுங்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. கணவர் மகளைப் பார்த்து, பார்த்தாயா, நான் சொன்னேனில்லை என்கிற மாதிரி கண்ணைக் காட்டினார். அப்போதுதான் புரிந்தது. கண்ணாடி வெறும் ஒத்திகை.

மகள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் போர்வைமேல் வைத்தாள். ஓட்டுநர் உரிமம். அவள் படம், அவள் கையெழுத்து. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அடிபட்ட கார்களை நேரில் போய்ப் பார்க்கிற பதவிக்கு உரிமம் வேண்டுமாம்.

"எங்கடி கத்துக்கிட்டே?"

"எதிர்க்கடையில."

"எதிர்க்கடையிலயா?"

"முதல் தடவையிலேயே பாஸ் ஆயிட்டேம்மா" என்றாள், அது ஏதோ எனக்கு ஆறுதல் போல.

அப்புறம் நான் பேசினதை எல்லாம் இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. நீ என் வயித்துல பொறந்தவளா? ஊருக்கெல்லாம் கத்துக் குடுக்கிறவ வீட்டுல இருக்க, அந்தக் கடலை கொறிக்கிற ஆள்கிட்ட போய் – அந்தப் பலகையில வர்ற வெற்றியில நீயும் ஒருத்தியா? இப்படி. இதைவிட மோசமாகவும். "அந்த ஆளு அப்படி என்னத்தைச் சொல்லிக் குடுத்தான்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாரும்மா. கடலை சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்."

"என்கிட்ட ஏன் வரல?"

"பயம்மா இருந்துச்சு."

அந்த நேரத்தில் நர்ஸ் மூச்சை எண்ண வந்து நின்றார். "வலி எத்தனைம்மா?" "பூஜ்யம்!" என்று கத்தினேன். மூன்றாவது அறையில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். கணவர் பழக்கதோஷத்தில் நர்ஸிடம் திரும்பி, "அவளுக்கு இடுப்பு வலி, அதான் –" என்று ஆரம்பித்தார். நர்ஸ் அட்டவணையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கணவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டார்.

மகள் அழுதுகொண்டே போய்விட்டாள். உரிமத்தை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

நர்ஸ் அட்டவணையில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். "வலி 0. நோயாளி சத்தமாகப் பேசுகிறார். மூச்சு நன்றாக உள்ளது."

மார்ச் 13, வெள்ளி

வலி: 9. அய்யோ.

நேற்றுச் சாயங்காலம் நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தார். வலியே இல்லாதபோது மாத்திரை எதற்கு என்று திருப்பி அனுப்பினேன். "ஊசி மருந்து இறங்கறதுக்குள்ள இது வேலை செய்ய ஆரம்பிக்கணும்மா, அதுக்குத்தான்" என்றார். வரட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வந்தது. காலை ஏழு மணிக்கு, இடுப்பில் யாரோ ஜாக்கி வைத்து ஏற்றுகிற மாதிரி வந்தது.

அவரேதான் மாத்திரையோடு வந்து நின்றார். நேற்றைய கூச்சலில் என் தொழில் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டதே. "தூரத்துல வேகத்தடை தெரியுது. நீங்க எப்பம்மா பிரேக் போடுவீங்க? ஏறினதுக்கு அப்புறமா?" என்றார்.

ஊராருக்கெல்லாம் பத்தடி முன்னாலேயே பிரேக் போடுகிறவள் நான். எனக்கென்று வந்தபோது போடத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு விழுங்கினேன். இனிமேல் வேளை தவறாமல் விழுங்குவேன்.

பதினோரு மணிக்கு நடைப்பயிற்சிக்காரி வந்தாள். நெடுநெடுவென்று உயரம். முதலில் கையில் பிடிக்கிற நடைச்சட்டம், அடுத்து ஆபரேஷன் கால், அப்புறம் நல்ல கால் – இதுதான் வரிசை. நான் நல்ல காலை முதலில் வைத்தேன். "கீழ பாக்காதீங்க, நேரா பாருங்க." என் வசனம்! "பதறாதீங்க, யாரும் துரத்தலை." அதுவும் என் வசனம். என்ன, அவள் கத்தாமல் சொல்கிறாள்.

"என்னைப் பிடிச்சுக்கோ" என்றேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"விழுந்துட்டா?"

"விழற மாதிரி இருந்தா பிடிப்பேம்மா. விழுவீங்களோன்னு நினைச்செல்லாம் பிடிக்க மாட்டேன்."

கதவு வரை போய்த் திரும்பினேன். விழவில்லை. அவள்மேல் பயங்கரக் கோபம்.

மகள் வரவில்லை. அத்தை வீட்டில் இருக்கிறாளாம்.

மார்ச் 14, சனி

வலி: 4. கோபம்: 5. (இந்த நோட்டில் கோபத்துக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டேன். டாக்டர் பார்த்தால் பார்க்கட்டும்.)

ஒன்று மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. முந்தாநாள் நாலு மணிக்கு எனக்கு வலியே இல்லை. நர்ஸ் கைப்பட எழுதிய சாட்சி இருக்கிறது. பின்னே கத்தினது யார்?

கணவர் வந்ததும் கேட்டேன். "என்னங்க, இடுப்பு வலி வர்றதுக்கு முன்னாடி நான் எப்படி இருந்தேன்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"சுறுசுறுப்பா இருந்தே."

"கோபம்?"

"இடுப்பு ஏழு வருஷமாத்தானே வலிக்குது" என்றார் மெதுவாக. "நமக்குக் கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம் ஆச்சு."

"அப்ப அதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் என்ன சொல்லிட்டிருந்தீங்க?"

"ஆரம்பத்துல, சரியாத் தூங்கலைன்னு சொல்வேன். அப்புறம் பச்சைக் குழந்தை வெச்சிருக்கான்னு சொன்னேன். அவ பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதும் ரொம்ப வருஷம் திண்டாட்டம்தான். ஒண்ணும் கிடைக்கல. இடுப்பு வந்ததும்தான் மூச்சு விட்டேன்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கிறது. சிரித்துக்கொண்டே, "இப்ப புது இடுப்பு வந்தாச்சே. இனிமே என்ன சொல்வீங்க?" என்றேன்.

"அதைத்தான் ரெண்டு மாசமா யோசிச்சிட்டிருக்கேன்" என்றார். நிஜமாகவே கவலையாகத்தான் இருந்தார்.

அவர் போனபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. வலி போய்விடும், எல்லாரும் சொல்கிறார்கள். வலி போன பிறகும் நான் இப்படியே இருந்தால் என் பெண் வீட்டுக்கு வருவாளா?

மார்ச் 15, ஞாயிறு

வலி: 4. வீடு. வாடகைக் காரில் வந்தோம். மகள் ஓட்டி வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினாளாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? திமிர். வேறென்ன.

வாடகைக் கார் ஓட்டுநருக்கு வழி முழுக்கக் காலால் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே வந்தேன். இடுப்பு கெஞ்சியது.

மார்ச் 22, ஞாயிறு

வலி: 3. கோபம்: 6. கழிப்பறைக்கு உயரமான இருக்கை பொருத்த வந்த ஆள் இரண்டு திருகைக் கோணலாகப் போட்டுவிட்டார். கத்திவிட்டேன். கணவர் வாயைத் திறந்தார், சொல்ல ஒன்றுமில்லாமல் மூடிக்கொண்டார். மீன் மாதிரி இருந்தது. கடைசியில் நானே, "எனக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி, தப்பா நினைக்காதீங்க" என்றேன். அந்த ஆள் திருகைச் சரிசெய்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் விஷயம். இதற்கா இருபத்தெட்டு வருஷம்?

மார்ச் 29, ஞாயிறு

வலி: 2.

பல் டாக்டர் பார்க்க வந்தார். வெறுங்கையோடு வராமல் ஒரு பல் துலக்கும் பிரஷ் கொண்டுவந்தார். எதிர்க்கடையில் சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லையாம், நான் எழுந்து வரும்வரை காத்திருக்கிறாராம். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அன்றைக்குத் தெருவில் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை, உங்களுக்கு இடுப்பு –"

"இடுப்பில்லை" என்றேன். "நான்தான்."

பிரஷ்ஷை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார். கோபித்துக்கொள்வேன், ஆனாலும் கேளுங்கள் என்றேன்.

"உங்ககூட ஓட்டும்போது, நான் பிரேக் போடணும்னு காலை வெப்பேன். அதுக்குள்ள பெடல் கீழ போயிருக்கும். நீங்க போட்டிருப்பீங்க. நாப்பது கிளாஸ்ல நான் ஒரு தடவைகூட பிரேக் போட்டதே இல்லைங்க. தேர்வு அதிகாரி பக்கத்துல உட்கார்ந்தப்பவும், பெடல் தானா இறங்கும்னு காத்துக்கிட்டிருந்தேன். இறங்கல."

இருபத்தாறு வருஷம். எத்தனை பேர்! எல்லாருடைய பிரேக்கையும் நானே போட்டு, அவர்களுக்கும் கற்றுத் தராமல், என் இடுப்பையும் தேய்த்துக்கொண்டு, கூடவே கத்தியும் இருக்கிறேன். எதிரே அந்த ஆள் கடலையைத் தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான், அவனுடைய ஆட்கள் தேறினார்கள். என் பெண் உட்பட.

ஒரு நாள் முழுக்க வலியில்லாமல் இருந்தேனே, அந்த நாளை அவளைத் திட்டியா கழித்தேன்! பாவி.

ஏப்ரல் 4, சனி

வலி: 2.

மகளுக்குச் செய்தி அனுப்பினேன். முதலில், "எப்ப வீட்டுக்கு வர்றதா உத்தேசம்?" என்று எழுதினேன். அது சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருந்தது. அழித்தேன். அடுத்தது இரண்டு பக்கம் நீளம், பாதி என்னைப் பற்றியே. அதையும் அழித்தேன். கடைசியில், "இருபத்து மூணாந்தேதி எலும்பு டாக்டர்கிட்ட போகணும். நீ ஓட்டிட்டுப் போறியா?"

ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு: "நம்ம பள்ளி கார்லயா?"

"ஆமா."

"பிரேக் பக்கம் யாரு உட்காருவாங்க?"

"நான்தான். ஆனா டாக்டர் அந்தக் காலை அழுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"டாக்டர்கிட்ட எழுதி வாங்கினியா?"

இந்த வாய் யாருடையது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் அந்த வரியைப் படம் எடுத்து அனுப்பினேன். "சரி" என்று வந்தது.

ஏப்ரல் 23, வியாழன்

வலி: 1.

போய் வந்தாயிற்று. உயிரோடு இருக்கிறேன்.

மெத்தை ஒன்றைப் போட்டு உயரமாக உட்கார்ந்தேன். வலது காலுக்கு நேர் எதிரே என் பிரேக். இருபத்தாறு வருஷத்துப் பெடல், ரப்பர் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. தொடக் கூடாது. கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன். பின்னால் கணவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குவதாகச் சொன்னார்.

மகள் கண்ணாடியைப் பார்த்தாள், மெதுவாக எடுத்தாள். முதல் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர். என் கால் தானாகத் தூக்கிக்கொண்டது, இடுப்பு சுரீர் என்றது, இறக்கி வைத்தேன். வண்டி நின்றது. யார் நிறுத்தினது? அவள்தான். குலுங்கக்கூட இல்லை. இரண்டாவது திருப்பத்தில் ஒரு லாரி, பள்ளிக்கூட வாசலில் ஒரு கூட்டம், நடுவில் எங்கேயோ பார்த்துக்கொண்டு போகிற ஒரு நாய். ஒவ்வொன்றுக்கும் நான் செத்துப் பிழைத்தேன், அவள் பாட்டுக்கு நிறுத்திவிட்டு எடுத்தாள். பாதி வழியில் நான் தெருவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தேன். கவனமாக ஓட்டும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். இது எனக்கு இதுவரை தெரியாது.

நன்றாக ஓட்டுகிறாய் என்று சொல்ல வாயெடுத்தேன். "சைடு கண்ணாடி கொஞ்சம் கீழ இருக்கு" என்று வந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். ஆனால் நிறுத்துகிற இடத்தில் பின்பக்கமாக எடுத்து நுழைக்கத் தெரியவில்லை. மூன்று தடவை முயன்று, கடைசியில் கோணலாக விட்டாள். நான் கைப்பையைத் தின்னாத குறை. ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இஞ்சினை அணைத்ததும் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு எனக்கு வலியே இல்லடி. வலியில கத்தல. நான்தான் கத்தினேன். தப்பு."

"தெரியும்மா" என்றாள். "நீதான் பூஜ்யம்னு கத்தினியே."

"நீ போனது நல்லதுதான். என்கிட்ட வந்திருந்தா இன்னும் பாஸ் ஆகியிருக்க மாட்டே."

அவள் என் பக்கம் திரும்பினாள். அழுகிறாளோ என்று பார்த்தால், "இதை எழுதிக் குடுப்பியா?" என்றாள்.

எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, இனி நீங்களே ஓட்டலாம், மெதுவாக ஆரம்பியுங்கள் என்றார். நோட்டைப் புரட்டினார். "இது என்ன கட்டம்?" என்றார். கணவர் முந்திக்கொண்டு, "அது எங்க குடும்ப விஷயம் டாக்டர்" என்றார்.

மகள் இன்று வீட்டிலேயே தங்கிவிட்டாள். பை பெரிதாக இருந்தது. ஒரு நாளைக்கான பை இல்லை.

மே 6, புதன்

வலி: 0. ஊசி இல்லாமல். பல் டாக்டருக்கு வகுப்பு எடுத்தேன். வலது காலில் செருப்பைக் கழற்றி என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்; வெறுங்கால் என்றால் கொஞ்சம் யோசிக்கிறது. இரண்டு தடவை குப்பைத்தொட்டிக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். அவரே நிறுத்தினார். கோபம் 4. வெளியில் தெரிந்தது 2 இருக்கும்.

மே 16, சனி

வலி: 0.

காலையில் மகள் காபியை என் முன்னால் வைத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ரிவர்ஸ் மட்டும் எனக்குச் சரியா வரலம்மா. நீ சொல்லிக் குடுக்கிறியா?" என்றாள்.

எதிர்க்கடைக்காரரிடம் கேட்பதுதானே என்று நாக்கு நுனி வரை வந்தது. காபியோடு விழுங்கிவிட்டேன்.

காலியாக இருந்த சந்தைத் திடலுக்குப் போனோம். நான் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே பிரேக் இல்லை. நானாகவே எடுத்த முடிவு. என் இடத்தில் கணவரை உட்கார வைத்தோம், "சும்மா உட்கார்ந்திருங்க போதும்" என்று சொல்லி.

மகள் மெதுவாகப் பின்னால் எடுத்தாள். "இன்னும் வரலாம். வா. இப்ப ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பு. வரலாம், வா –" குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, அருமையாக, அளவெடுத்த மாதிரி இரண்டு கம்பத்துக்கு நடுவில் வந்துகொண்டிருந்தாள்.

தடாலென்று வண்டி நின்றது. என் மூக்கு முன் இருக்கையில் இடித்தது.

கணவர் பிரேக் போட்டிருந்தார். இரண்டு காலாலும்.

"யாருங்க உங்களைப் போடச் சொன்னது!" என்று நான் கத்தினேன். "அப்பா! அவ்ளோ அழகா வந்துட்டிருந்தேன்!" என்று அவளும் கத்தினாள். ஒரே சமயத்தில், ஒரே சுருதியில். திடலின் அந்தக் கோடியில் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

கணவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, அந்த அம்மாளிடம் சொல்ல வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"ஒண்ணுமில்லைங்க" என்றார். "ரெண்டு பேருக்கும் உடம்பு நல்லா இருக்கு."

மகளுக்குச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சரி, மறுபடி முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றாள். சொன்னேன்.